தேயிலை கைவிடப்பட்ட மலைகளில் முதலில் செய்ய வேண்டியது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தில் தேயிலை மலைகள் காடாகின்றன என்ற செய்தி வரும்போதெல்லாம் அதனோடு ஒரு தீர்வும் சேர்ந்தே வருகிறது. மிளகு போடலாம், மாடு வளர்க்கலாம், மரக்கறி செய்யலாம், சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடலாம் என்கிறார்கள். கொழும்பில் நடக்கும் கருத்தரங்குகளிலும் பேச்சு இதைத் தாண்டிப் போவதில்லை. எங்கள் கருத்து வேறு. எந்தப் பயிர் என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. தொழிலாளிக்குச் சேர வேண்டிய பணம், காணிப் பத்திரம், தண்ணீர், மண் ஆகிய நான்கும் இதே வரிசையில் ஒழுங்காக வேண்டும். வரிசை பிசகினால் எவ்வளவு நல்ல கன்றைக் கொடுத்தாலும் அந்தக் குடும்பம் கடனில்தான் போய் நிற்கும்.

எந்தத் தோட்டமும் ஒரே நாளில் மூடப்படுவதில்லை. முதலில் கவ்வாத்து தவறும். மேல்நாட்டில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டிய மலை வெட்டாமல் கிடக்கும். உரம் பாதியாகும், பிறகு நிற்கும். ஏழு நாளைக்கு ஒருமுறை கொழுந்து எடுத்த மலைக்குப் பதினான்கு நாள் கழித்து ஆள் அனுப்புவார்கள். அதற்குள் கொழுந்து முற்றிவிடும், ‘பேர்’ எனப்படும் முழுநாட் சம்பளத்துக்குரிய கிலோ நிறையாது, அரைநாட் சம்பளமான அரைப்பேர் விழும். அடுத்ததாக, தூரத்து மலைகளின் கான்கள் (வடிகால்கள்) தூர்ந்து, புல் ஏறி, செடி மரமாகும். குளவி கூடு கட்டும், காட்டுப்பன்றி குடியேறும். வாரத்தில் மூன்று நாள்தான் பிரட்டு (காலையில் பெயர் பதிந்து வேலைக்கு அனுப்புவது) என்று சொல்லும் நாள் வரும்போது தோட்டம் உண்மையில் எப்போதோ முடிந்திருக்கும். பதிவேட்டில் மட்டும் அது இயங்கிக்கொண்டிருக்கும்.

இப்படி நடப்பதற்குக் கணக்கு ரீதியான காரணம் உண்டு. ஆண்டுக்கு 2 வீதமாவது மீள்நடுகை செய்ய வேண்டும் என்பது தேயிலைத் துறையில் நீண்டகாலப் பரிந்துரை. பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கினால் மண்ணைத் தேற்ற இரண்டு வருடம், புதிய செடி கொழுந்துக்கு வர மேலும் இரண்டு மூன்று வருடம். அத்தனை காலமும் அந்த மலையில் செலவு மட்டுமே. அரசுக்குச் சொந்தமான தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. அவற்றின் குத்தகை 2045இல் முடிகிறது. முடிவுத் தேதி நெருங்க நெருங்க, நாற்பது வருடம் பலன் தரும் செடியை நட எந்தக் கம்பனிக்கும் மனம் வராது. இருப்பதைக் கறந்துவிட்டுப் போவதுதான் அவர்களுக்கு இலாபம்.

தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் என்ன நடந்தது என்பதை எல்லோரும் வாசித்திருப்போம். 1929இல் 99 வருடக் குத்தகை. முடிய வேண்டியது 2028இல். 2024இலேயே வேலை நிறுத்தப்பட்டது. தொழிலாளர் விருப்ப ஓய்வுப் பத்திரத்தில் கையெழுத்திட்டனர். காணி வனத்துக்குரியது என்பதால் பரம்பரையாக வாழ்ந்த வீடும் அவர்களுக்கு இல்லாமற் போனது. நம்மிடம் இன்னும் கால அவகாசம் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்றுதான் பேச வேண்டும்.

முதலில் பணம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநரிடமிருந்து 3 வீதமும் போக வேண்டும். பிடித்த பணம் நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைத் தோட்டம் நின்ற பிறகு தேடுவது மிகக் கடினம். அதைவிடப் பெரிய தடை பெயர் வித்தியாசம். பிறப்புச் சான்றிதழில் முத்தம்மா, அடையாள அட்டையில் முத்தம்மாள், செக்ரோல் எனப்படும் தோட்டச் சம்பளப் பதிவேட்டில் தகப்பன் பெயரோடு சேர்த்து வேறொரு எழுத்து. மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர் சான்று, தோட்ட அலுவலகக் கடிதம் எல்லாம் வேண்டும். அலுவலகம் பூட்டப்பட்டு செக்ரோல் புத்தகங்கள் கறையான் தின்ற பிறகு அந்தக் கடிதத்தை யார் தருவது? ஆகவே தோட்டத்தில் இன்னும் ஒரு கிளார்க்கர் உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொருவரும் அங்கத்துவ இலக்கம், ‘பி’ அட்டை (சேமலாப நிதி அங்கத்துவ அட்டை) பிரதி, வேலையில் சேர்ந்த திகதியைக் காட்டும் சேவைக் கடிதம் மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இன்று இதுதான். தோட்டத்தின் பிரிவுகளான டிவிஷன் டிவிஷனாகப் போய் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும்.

பணிக்கொடை விடயத்தில் ஏமாறுவோர் அதிகம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்த எவருக்கும் அது உரியது. நாட்சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு 14 நாட் சம்பளம், அதுவும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தின்படி. உதாரணமாக, கடைசி நாட்சம்பளம் 1350 ரூபா என்று வைத்தால், 25 வருடம் வேலை செய்தவருக்கு 14ஐ 1350ஆல் பெருக்கினால் 18,900; அதை 25ஆல் பெருக்கினால் 4,72,500 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகத் தொகை சேரும். தானாக விலகினாலும் இது உண்டு. ‘விலகினால் ஒன்றும் கிடைக்காது’ என்று சொல்லி ஆளை இழுத்தடிப்பதும், ‘குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடி என்று பிரித்துத் தருகிறோம், இதில் கையெழுத்திடுங்கள்’ என்று சொல்லி விலகல் கடிதம் வாங்குவதும் தவறு. 15 பேருக்குக் குறையாத இடத்தில் தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ இல்லாமல் வேலையை முடிவுறுத்த முடியாது என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்தச் சம்மதக் கையெழுத்தின் பெறுமதி தெரியாமல் யாரும் பேனாவைத் தொடக் கூடாது.

அடுத்தது காணி. வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் கொடுத்தார்கள், பிறகு 10 பேர்ச்சஸ் என்ற பேச்சு வந்தது. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்துக் காம்பிராவிலிருந்து பார்த்தால் இது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது குடியிருக்கும் காணி, பிழைக்கும் காணி அல்ல. ஒரு பேர்ச் 272 சதுர அடி, பத்துப் பேர்ச் 2,722 சதுர அடி. 550 சதுர அடி வீடு, மலசலகூடக் குழி, பாதை, மண்சுவர் எல்லாம் போனால் மிஞ்சுவது முருங்கைக்கும் கீரைப் பாத்திக்கும் போதும். தோட்டம் நின்ற இடத்தில் குடும்பத்துக்கு இதற்கு அப்பால் தொழிற்காணி வேண்டும். அந்தக் காணிக்கு நில அளவை வரைபட இலக்கமும் நான்கு எல்லையும் உள்ள உறுதிப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லில் பிரித்துக் கொடுத்த மலையில் யாரும் மிளகு நடமாட்டார்கள். மூன்று வருடம் கழித்து வரும் காய்க்கு யார் சொந்தக்காரர் என்று தெரியாதபோது, மூன்று மாதத்தில் வரும் கரட்டைத்தான் போடுவார்கள். சரிவு மலையில் மண் கரைவதற்கு இந்த உரித்தின்மைதான் பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்வோம்.

தண்ணீரும் பாதையும் தோட்டத்தோடு சேர்ந்து போகின்றன. ஊற்றிலிருந்து பீலித் தண்ணீரைக் கொண்டுவந்த குழாயைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் ஓர் ஆள் இருந்தார், இனி இல்லை. பாவனையாளர் சங்கம் ஒன்றைப் பதிவுசெய்து, மாதம் சிறு தொகை சேர்த்து, குழாய் பார்க்கும் ஒருவருக்குக் கூலி கொடுப்பதே நடைமுறை வழி. ஊற்றுக்கு மேற்புறம் வேலி அடைத்து மாடு நுழையாமல் காக்க வேண்டும்; குறைந்தது 30 மீற்றருக்குள் மலசலகூடக் குழி கூடாது; யூக்கலிப்டஸ் மரத்தை ஊற்றுக் கண்ணருகில் வைக்கக் கூடாது. தாங்கி மேலே, லயம் கீழே என்று உயர வித்தியாசம் 60 மீற்றரைத் தாண்டும் இடங்களில் இடையில் அழுத்தம் குறைக்கும் தொட்டி ஒன்று கட்டாவிட்டால் சாதாரணக் குழாய் இரவு நேரத்தில் வெடிக்கும். எல்லோரும் பைப்பை மூடும் நேரத்தில்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. 1000 லீற்றர் தண்ணீருக்கு 3 கிராம் வெளிற்றும் தூள் போதும். கரைத்து அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறக்கலாம். பழைய தூளின் வீரியம் குறைந்திருக்கும், திறந்த பக்கற்றை மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. பாதைகளைப் பொறுத்தவரை, 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணம் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இனியும் ‘அது தோட்டத்து ரோடு’ என்று எந்தச் சபையும் கைவிரிக்க இடமில்லை.

இப்போது மண்ணுக்கு வருவோம். தேயிலைக்குப் பிந்திய முயற்சிகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். தேயிலை புளிப்பு மண்ணில் வளரும் பயிர். அதற்கு அமிலகாரச் சுட்டெண் 4.5இலிருந்து 5.5 வரை உகந்தது. பல வருடம் யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் போட்ட மலையில் அது இன்னும் கீழே இருக்கும். கரட், லீக்ஸ், கோவா (முட்டைக்கோசு), போஞ்சிக்கு 6க்கு மேல் வேண்டும். செடியைப் பிடுங்கிய கையோடு கோவா நட்டவர்கள் வேர் முடிச்சு வீங்கி வாடிப் போவதைப் பார்த்துவிட்டு ‘விதை சரியில்லை’ என்கிறார்கள். விதையில் குறை இல்லை; புளிப்பு மண்ணில் அந்த நோய் தலைதூக்கும். முதலில் மண் பரிசோதனை. மரக்கறிக்கு ஹெக்டேயருக்கு 2 தொன் டொலமைட் என்று எடுத்துக்கொண்டால் 10 பேர்ச்சஸுக்கு 50 கிலோ மூட்டை ஒன்று வரும். புளிப்பு அதிகமானால் ஒரே தடவையில் கொட்டாமல் அடுத்த போகத்துக்கும் பிரித்துப் போட வேண்டும். நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மண்ணோடு கலக்க வேண்டும். டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். உருளைக்கிழங்குக்கு மட்டும் டொலமைட்டில் கை அடக்கம் வேண்டும். அதிகமானால் கிழங்கில் சொறி வரும். நுவரெலியாப் பகுதியில் கிழங்கைத் தாக்கும் வட்டப்புழுவும் இருப்பதால் பக்கத்து வயலில் வாங்கிய கிழங்கை விதைக்கு வைப்பது ஆபத்து.

பிடுங்கும் முறையிலும் கவனம் தேவை. தேயிலைச் செடியை மண்மட்டத்தில் வெட்டிவிட்டு வேரை உள்ளே விட்டால் அந்த வேரில் வளரும் பூஞ்சணம் அடுத்த மரப்பயிரையும் பிடிக்கும். பென்சில் தடிப்புக்கு மேலான வேர் ஒன்றும் மண்ணில் இருக்கக் கூடாது. நிழல் மரத்தை வெட்டுவதானால் ஒரு வருடம் முன்பே பட்டையை வளையமாகச் சீவி, மரத்தைத் தானாகக் காயவிட்டு வெட்ட வேண்டும். அதன் பின் குவாத்தமாலாப் புல் அல்லது மானாப் புல் நட்டு, வளர வளர வெட்டி அதே இடத்தில் பரப்பி, ஒன்றரை இரண்டு வருடம் மண்ணைத் தேற்ற வேண்டும். இந்த இரண்டு வருடத்துக்குக் குடும்பம் எதைச் சாப்பிடும் என்ற கேள்விக்கு எந்தத் திட்ட அறிக்கையும் பதில் எழுதுவதில்லை. பதில் ஒன்றுதான்: ஒரே தடவையில் முழுக் காணியையும் பிடுங்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கைத் தேற்றிக்கொண்டே மிச்சத்தில் பழைய தேயிலையைப் பறிக்க வேண்டும். பணிக்கொடைப் பணம் கையில் இருந்தால் அந்தக் காலத்தைத் தாண்டலாம் என்பதால்தான் வரிசையில் பணத்தை முதலில் வைத்தோம்.

சரிவில் கான் வெட்டாமல் எதையும் நடக்கூடாது. கானின் சரிவு 120 அடிக்கு ஓர் அடி. அதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். இரண்டு சம உயரக் கம்புகளை ‘ஏ’ எழுத்துப் போலக் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் கல் தொங்கவிட்டால் மட்டம் பார்க்கலாம். கானுக்குள் இடையிடையே மண் தடுப்பு விட வேண்டும். அதில் தங்கும் வண்டலை மழைக்காலம் முடிய அள்ளி மேலே போட வேண்டும். மட்டக்கோட்டில் கிளிசிரிடியா வேலி வைத்தால் தழையும் கிடைக்கும். லீக்ஸ் பாத்தியை மேலிருந்து கீழாக நேராக இழுப்பவர்களின் மண்தான் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேருகிறது. மிகச் செங்குத்தான மலையை விவசாயத்துக்குக் கேட்கவே வேண்டாம். அதை மரத்துக்கு விட்டுவிடலாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மறக்க முடியுமா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று இல்லாமல் வீட்டுக் காணியோ தொழிற்காணியோ பிரிக்கக் கூடாது. தூர்ந்த கான்களை உடைய கைவிடப்பட்ட மலைக்குக் கீழே லயம் இருந்தால், அந்த மலையின் கான்களைத் துப்புரவாக்கும் பொறுப்பு குத்தகை முடியும்வரை கம்பனியுடையது என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

தேயிலையையே சிறு உடைமையாக நடத்தலாம் என்பதை நாங்களும் ஏற்கிறோம். நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் சிறுதோட்டக்காரர் கையிலிருந்துதான் வருகிறது. ஆனால் மலையகத்தில் செடி பிரித்துக் கொடுக்கும்போது ஆயிரம் செடி, ஆயிரத்து ஐந்நூறு செடி என்கிறார்கள். நாலடிக்கு இரண்டடி இடைவெளியில் ஆயிரம் செடி என்பது 29 பேர்ச்சஸ். ஹெக்டேயருக்கு 1500 கிலோ தேயிலைத் தூள் வரும் நல்ல மலை என்று வைத்தாலும் அதில் ஆண்டுக்குப் 110 கிலோ தூள், அதாவது ஏறக்குறைய 515 கிலோ பச்சைக் கொழுந்து. கிலோவுக்கு 200 ரூபா கிடைத்தால் ஆண்டுக்கு ஒரு இலட்சத்து மூவாயிரம், மாதம் எண்ணாயிரத்து அறுநூறு. உரமும் கவ்வாத்தும் இதற்குள்ளேதான். மேலும் சேமலாப நிதி இல்லை, பணிக்கொடை இல்லை. ஒரு குடும்பம் தேயிலையை நம்பி வாழ ஐயாயிரம் செடியாவது, கிட்டத்தட்ட ஓர் ஏக்கர், வேண்டும். கொழுந்து விலையிலும் கவனம் தேவை. கொழும்பு ஏல விற்பனை வருமானத்தில் 68 வீதம் கொழுந்து தருபவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பது சிறுதோட்டக்காரருக்கான பங்கீடு. கம்பனிக் காணியில் பறிப்பவருக்கும் அதே பங்கீடா, ஈரத்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ வெட்டுவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும்.

மாட்டைப் பற்றியும் கணக்கோடுதான் பேச வேண்டும். நல்ல கறவைப் பசு ஒன்று நாளைக்கு 45 கிலோ பச்சைப் புல் தின்னும். வருடத்துக்குப் பதினாறு தொன்னுக்கு மேல். இன்று அந்தப் புல் தோட்டத்து ஓடைக்கரையிலும் ரோட்டோரத்திலும் அறுக்கப்படுகிறது. காணி கைமாறி வேலி விழுந்த மறுநாள் மாட்டை விற்க வேண்டியதுதான். ஆகவே மாடு கொடுக்கும் திட்டம் எதுவும் புல் காணியோடு வர வேண்டும். சிஓ-3 புல் மத்திய உயரத்தில் நன்றாக வரும். முதல் வெட்டு எழுபது நாளளவில், பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒன்று. சாணியைத் திருப்பிப் போடாவிட்டால் இரண்டாம் வருடமே குறையும். மிகக் குளிர்ந்த உயரத்தில் அது மந்தம். காலையில் சினை வேட்கை கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் சினை ஊசி போட வேண்டும். தவறவிட்டால் மூன்று வாரத் தீனி வீண். கறந்த பால் மூன்று மணி நேரத்துக்குள் குளிரூட்டும் நிலையத்தை அடையாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். உடைந்த பாதையில் பால்கானைத் தோளில் சுமந்து இறங்கும் டிவிஷன்களில் இதுதான் நடக்கிறது. பாதையைப் பற்றி முன்னால் சொன்னது இதற்காகவும்தான்.

மிளகு கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கத்துக்குப் பொருந்தும், நுவரெலியாவுக்குப் பொருந்தாது. எட்டடிக்கு எட்டடியில் ஏக்கருக்கு 680 கொடி. கிளிசிரிடியாத் தாங்கு மரத்தை முந்திய மழைக்கே நட்டு வேரூன்ற விட வேண்டும். கொடியையும் கம்பையும் ஒன்றாக நடுவதால்தான் பல இடங்களில் கொடி தரையில் கிடக்கிறது. மூன்று கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்த மிளகு. கோப்பியும் சில இடங்களில் வரும். சுற்றுலா அறைகள் எல்லாக் குன்றிலும் ஓடாது.

கொழும்பிலிருந்து எழுதுவதால் இங்குள்ள பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புறக்கோட்டைக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் இளையோர் அனுப்பும் பணத்தில்தான் பல லயங்களில் அடுப்பெரிகிறது. கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. கடைகளிலும் ஹோட்டல்களிலும் இருப்போருக்குச் சேமலாப நிதியும் உண்டு. நியமனக் கடிதம் கேளுங்கள் என்று வீட்டார் சொல்லி அனுப்ப வேண்டும். அதேபோல் காணிப் பட்டியல் தயாராகும்போது ‘இவர் தோட்டத்தில் வேலை செய்வதில்லை’ என்று அவர்கள் பெயரை வெட்ட இடம் கொடுக்கக் கூடாது. வாக்காளர் பதிவைத் தோட்டத்து முகவரியில் வருடாவருடம் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

பெருந்தோட்ட அமைச்சிடம் எங்கள் கோரிக்கை ஒன்று. ஒவ்வொரு தோட்டத்திலும் டிவிஷன் வாரியாக எந்த மலை கடைசியாக எப்போது கவ்வாத்து செய்யப்பட்டது, எந்த மலை கைவிடப்பட்டுள்ளது, அதன் பரப்பு, சரிவு, ஊற்றுகள் எங்கே என்ற விவரத்தை வரைபடத்தோடு தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்டு, பிரட்டுக்களத்திலும் பிரதேச செயலகத்திலும் ஒட்ட வேண்டும். அங்கேயே வேலை செய்தவர்கள் அதைப் பார்த்துப் பிழை திருத்துவார்கள். தொழிற்காணி பிரிக்கும் வேலையை அந்த வரைபடத்திலிருந்து இந்த வருடமே தொடங்கலாம். 2045 வரை காத்திருக்க எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

இங்ஙனம்,
தோட்டப்புறத் தொழில், காணி விடயங்களில் பணியாற்றுவோர் சிலர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு – 13.